சிரட்டையில் வளரும் காய்ச்சல்

நாஞ்சில் நாடு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? அகஸ்தீசுவரம், தோவாளைப் பகுதிகளில் பரந்து கிடக்கும் நெல் வயல்கள், ஊருக்கு ஊர் குளங்கள், வாய்க்கால்கள், வாழைத் தோட்டங்கள். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே செல்லச் செல்லக் காட்சி மாறிவிடும். பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை எனப் போகுமிடமெல்லாம் வரிசை பிடித்து நிற்பவை ரப்பர் மரங்கள். தமிழ்நாட்டில் இயற்கை ரப்பருக்குப் பெயர் பெற்ற மாவட்டம் இதுதான்.

ஒவ்வொரு ரப்பர் மரத்தின் இடுப்பிலும் ஒரு கிண்ணம் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில தோட்டங்களில் அது பிளாஸ்டிக் கிண்ணம். பல இடங்களில் அது நம் வீட்டுத் தேங்காயின் சிரட்டைதான். பட்டையைக் கீறிவிட்டால் வடியும் வெண்ணிறப் பால் இதில் சொட்டுச் சொட்டாகச் சேரும். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது இந்தச் சிரட்டைதான்.

அதே சிரட்டை நோயையும் வளர்க்க வல்லது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். எப்படி வளர்க்கிறது, அதைத் தடுப்பது யார் கையில் இருக்கிறது, வல்லுநர்கள் எடுத்துச் சொல்லியும் ஏன் பல வேளைகளில் பயன் விளைவதில்லை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சாக்கடைக் கொசு அல்ல

கொசு என்றால் சாக்கடை என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். தேங்கிய கழிவு நீரில் பெருகும் க்யூலெக்ஸ் இனக் கொசுவைப் பொறுத்தவரை இது சரிதான். இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பதும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அந்த இனத்தின் வேலை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனம் வேறு. டெங்கு, சிக்குன்குனியா ஆகிய காய்ச்சல்களைப் பரப்பும் ஏடிஸ் இனம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது.

ஏடிஸ் கொசுவை அடையாளம் காண்பது எளிது. கரிய உடலிலும் கால்களிலும் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். இதில் இரண்டு வகைகள் நமக்கு முக்கியமானவை. ஏடிஸ் ஈஜிப்டி என்பது வீட்டுக் கொசு. தண்ணீர்த் தொட்டி, பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு என வீட்டையும் வீட்டைச் சுற்றியும் வாழப் பழகிக்கொண்டது. மற்றொன்று ஏடிஸ் ஆல்போபிக்டஸ். இதன் முதுகின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வரிகளைப் பார்த்து இதற்கு ஆசியப் புலிக்கொசு என்று பெயரிட்டிருக்கிறார்கள். இது நம் ஆசியக் கண்டத்துக் கொசு. மரப்பொந்து, மூங்கில் குற்றி, இலைக் கணு இவற்றில் தேங்கும் சிறிதளவு மழைநீரே இதன் இயற்கையான பிறப்பிடம். நிழலும் ஈரமும் மரமும் உள்ள இடமே இதற்குச் சொர்க்கம்.

ரப்பர்த் தோட்டத்தை இந்தப் புலிக்கொசுவின் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். அடர்ந்த நிழல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது. மரத்துக்கு ஒன்றாக, பொந்தைப் போலவே நீர் ஏந்தும் கிண்ணமும் இருக்கிறது. இரத்தம் கொடுக்க அதிகாலையிலேயே மனிதர்களும் வந்துவிடுகிறார்கள். கொசுவுக்கு இனி வேறென்ன வேண்டும்?

ஏழு நாள் கணக்கு

ஏடிஸ் கொசுவின் வாழ்க்கையில் நான்கு பருவங்கள் உண்டு. அவை முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்பன. பெண் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் இந்த முட்டைகள் சாவதில்லை. பல மாதங்கள் வரை உலர்ந்த நிலையிலேயே உயிரோடு இருக்கும். பிறகு ஒரு மழை பெய்து நீர் உயர்ந்து முட்டையைத் தொட்டால் போதும், பொரிந்துவிடும். கோடையில் கொசு இல்லாதிருந்த ஊரில் முதல் மழைக்குப் பின் திடீரென்று கொசு பெருகுவதன் இரகசியம் இதுதான்.

பொரிந்த புழு தண்ணீரில் நெளிந்து திரிந்து, நான்கு நிலைகளைக் கடந்து, கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். இந்த 7 என்ற எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

பால் வெட்டு ஒழுங்காக நடக்கும் தோட்டத்தில், ஒன்றிரண்டு நாட்களுக்கு ஒரு முறை தொழிலாளியின் கை ஒவ்வொரு சிரட்டையிலும் படுகிறது. பழைய நீர் இருந்தால் கொட்டப்படுகிறது. ஒட்டுப்பால் உரித்தெடுக்கப்படுகிறது. புழு பிறந்தாலும் கொசுவாக முடியாது. ஏனெனில் 7 நாள் அவகாசம் அதற்குக் கிடைப்பதே இல்லை.

ஆனால் மழை பிடித்துக்கொண்டால்? மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மழைநீரோடு கலந்து வழிந்து வீணாகும். குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். மழையால் வெட்டு நிற்கும் அந்த நாட்களில் சிரட்டைகள் நிமிர்ந்தபடியே மரத்தில் இருக்கின்றன. மழை அவற்றை நிரப்புகிறது. உதிரும் இலைச் சருகு புழுவுக்கு உணவாகிறது. தொட்டு எடுக்கக் கை இல்லை. 7 நாள் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆகவே வெட்டு நடக்கும் தோட்டத்தைவிட வெட்டு நிற்கும் தோட்டமே கொசுவுக்கு உகந்தது. ரப்பர் விலை சரிந்து, கூலிக்குக் கட்டுப்படியாகாமல், சிரட்டைகளை மரத்திலேயே விட்டுவிட்டுப் போன தோட்டங்கள் இன்னும் ஆபத்தானவை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு தொழிலாளி காலையில் வெட்டும் மரங்கள் ஏறத்தாழ 300 என்று கொள்வோம். மழை நாளில் 100 சிரட்டைக்கு 90-ஐக் கவிழ்த்துவிட்டார்கள். 10 மட்டும் விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 30 சிரட்டைகளில் நீர் நிற்கிறது. ஒன்றுக்கு 20 புழு என்றால் 600 கொசுக்கள். பாதி பெண் என்றால் 300. கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே. ஒரு தொழிலாளி நிற்கும் சிறு வட்டாரத்துக்குள், ஒன்றரை வாரத்தில், 300 கடிக்கும் கொசுக்கள்! பத்துக்கு ஒன்பது பங்கு வேலை செய்தும் இந்த நிலை. இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கே. ஆயினும் கொசு ஒழிப்பில் பெரும்பாலும் செய்தோம் என்பது ஏன் போதாது என்பதை இது காட்டிவிடுகிறது.

நகரத்து நோய் நாட்டுப்புறத்துக்கு வந்தது

டெங்கு நம் நாட்டுக்குப் புதியதன்று. 1780-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இதை ஒத்த ஒரு காய்ச்சல் பரவியதாகக் குறிப்பு உண்டு. சிக்குன்குனியா 1952-53-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் கண்டறியப்பட்டது. வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் மக்கோண்டே மொழிச் சொல்லே இந்நோயின் பெயர். 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் அது பரவியது. பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓய்ந்திருந்து, 2005-06-இல் மீண்டும் நாடெங்கும் தலைதூக்கியது.

நெடுங்காலம் இவை நகரத்து நோய்கள் என்றே கருதப்பட்டன. நெருக்கமான வீடுகள், தண்ணீர்ப் பஞ்சம், தொட்டிகளில் சேமிப்பு ஆகியவை நகரத்தின் இலக்கணம் அல்லவா? ஆனால் இந்த எண்ணம் சரியன்று என்பதைக் குமரி மாவட்டமும் காட்டியது. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் அறிவியலார், இம்மாவட்டத்தின் கிராமப் பகுதிகளில் தோன்றிய டெங்குக் காய்ச்சலை ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் இரத்தத்தையும், அவ்வூர்களின் கொசுக்களையும் சேர்த்து ஆய்ந்த அந்த அறிக்கை 2006-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. கேரளத்தின் ரப்பர்த் தோட்டங்கள் புலிக்கொசுவின் விளைநிலமாகக் கூடும் என்ற எச்சரிக்கை 2003-இலேயே அறிவியல் ஏட்டில் வந்திருந்தது.

இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. சிக்குன்குனியா வைரஸின் உறையிலுள்ள ஒரு புரதத்தில், 226-ஆம் இடத்தில் இருந்த அலனைன் என்ற அமினோ அமிலம் வேலைன் ஆக மாறிவிட்டது. இந்தச் சிறு மாற்றத்தால் புலிக்கொசுவின் உடலில் அந்த வைரஸ் முன்னைவிட எளிதாகப் பெருகத் தொடங்கியது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவில் 2005-06-இல் இம்மாற்றம் கண்டறியப்பட்டது. 2007-இல் கேரளத்தில் பரவிய வைரஸிலும் இதே மாற்றம் இருந்தது. தோட்டத்துக் கொசுவும் அதற்கேற்ற வைரஸும் ஒன்றுசேர்ந்துவிட்டன.

இதனால் பாதிக்கப்படுபவர் யார்? விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குள் நுழையும் பால் வெட்டுத் தொழிலாளிதான் முதலில். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காலை வேளையும் மாலை மங்கும் முன்னுள்ள வேளையும் அதற்கு மிகவும் பிடித்தவை. பால் வெட்டும் நேரமும் கொசு கடிக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டில் கொசுவலை கட்டி இரவில் தூங்குவதால் மட்டும் இந்தக் கடியிலிருந்து தப்ப முடியாது.

பால் வெட்டு என்பது நுண்ணிய கைத்தொழில். பட்டையின் கீழுள்ள வளர்படலத்தைத் தொடாமல், மெல்லிய சீவலாக, ஒரே சாய்வில் கத்தியை இழுக்க வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் போனாலும் மரம் புண்படும். சிக்குன்குனியா வந்தவருக்கோ மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கிவிடும். காய்ச்சல் சில நாட்களில் தணிந்தாலும் மூட்டுவலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். கத்தி பிடிக்க முடியாத கைக்குக் கூலி ஏது? நோய் உயிரைப் பறிக்காமல் போகலாம், பிழைப்பைப் பறித்துவிடும்.

சொன்னால் போதுமா?

நீரைக் கொட்டினால் கொசு இல்லை. கொசு இல்லையேல் நோய் இல்லை. இவ்வளவு எளிய உண்மையை மக்களுக்குச் சொல்லிவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம்.

போதவில்லை என்பதே உலகெங்கும் கண்ட அனுபவம். சுவரொட்டி ஒட்டப்படுகிறது; ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருவில் போகிறது; பள்ளியில் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. ஏடிஸ் நல்ல நீரில் வளரும் என்று கேட்டால் எல்லோரும் சரியாகவே சொல்வார்கள். ஆனால் வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தால் பழைய ஆட்டுரலில் புழு நெளியும். அறிவது வேறு, செய்வது வேறு.

செய்யாததற்குக் காரணம் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்று வல்லுநர் சொல்கிறார். யாரிடம் சொல்கிறார்? தோட்டத்தின் உடையவர் பல வேளைகளில் தோட்டத்தில் இருப்பதில்லை. இருப்பவர் தொழிலாளி. அவருக்கோ பல இடங்களில் வெட்டிய நாளுக்குத்தான் கூலி. மழையில் வெட்டு இல்லாத நாளில், அட்டைக்கடியோடு, சேற்றில் நடந்து, 300 மரத்தின் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும் என்றால் எவர் செய்வார்? அறிவுரை சரியானதுதான். ஆனால் அதைச் செய்ய வேண்டிய கையின் நிலைமை அதில் கணக்கிடப்படவில்லை.

சுற்றுச்சூழல் நலக் கல்வியில் வல்லுநர் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே. மக்களுக்குத் தெரியாததைச் சொல்வது பாதி வேலை. மக்களின் தொழிலிலும் வாழ்விலும் அந்த அறிவுரை எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிப்பது மீதி வேலை. பின்னதே கடினமானது.

சேர்த்தலையில் கண்ட வழி

இந்த மீதி வேலையைச் செய்து காட்டிய ஒரு முயற்சி நம் அண்டை மாநிலத்தில் நடந்தது. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் சேர்த்தலை என்ற வட்டாரம் யானைக்கால் நோய்க்குப் பெயர் போனது. அங்கு அந்நோயைப் பரப்பியது மன்சோனியா என்ற கொசு. இதன் புழுவுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. மற்றக் கொசுப்புழுக்களைப் போல் மூச்சுவிட நீரின் மேற்பரப்புக்கு வருவதில்லை. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை போன்ற செடிகளின் வேரில் தன் மூச்சுக் குழலைக் குத்தி, அங்கிருந்தே காற்றைப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே செடியை அகற்றினால் கொசு ஒழியும்.

ஆனால் குளத்தை வைத்திருப்பவர் செடியை ஏன் அகற்ற வேண்டும்? அகற்றினாலும் மறுபடி வளருமே! புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலார் 1986-இல் அங்கு ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். செடியை அகற்றச் சொன்னதோடு நில்லாமல், குளத்தில் மீன் வளர்க்கும்படி ஊக்குவித்தார்கள். மீன் வளர்க்கக் குளம் சுத்தமாக இருக்க வேண்டும். செடி தின்னும் மீன்களோ செடியை மீண்டும் தழைக்க விடுவதில்லை. மீன் விற்றால் பணம். கொசுவை ஒழிப்பதற்காகக் குளத்தைச் சுத்தம் செய்யாதவரும் மீனுக்காகச் செய்தார். பள்ளி மாணவர்களும் மன்றங்கள் அமைத்து இதில் பங்கு கொண்டார்கள்.

பார்த்தீர்களா! மக்களின் நன்மையும் கொசுவின் தீமையும் சந்திக்கும் இடத்தைத் தேடிப் பிடித்ததுதான் அந்த அறிவியலாரின் திறமை. நம் ரப்பர்த் தோட்டத்திலும் அத்தகைய இடம் உண்டா?

தோட்டத்துக்குப் பொருந்தும் வழிகள்

உண்டு. ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, மழைக்காப்பு. வெட்டுப் பகுதிக்குச் சற்று மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போல் ஒட்டிவிட்டால், மழை நாளிலும் பட்டை நனையாமல் பால் வெட்டலாம். இது கொசுவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. விளைச்சலைக் கூட்டுவதற்காகவே பயன்படுத்தப்படுவது. ஆயினும் வெட்டு தொடர்ந்தால் கை தொடர்ந்து சிரட்டையில் படும். கொசுவுக்கு 7 நாள் கிடைக்காது. உடையவருக்குப் பால், தொழிலாளிக்குக் கூலி, ஊருக்கு நலம். தாளின் மடிப்புகளில் நீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கடைசி வெட்டிலேயே கவிழ்த்தல். மழை பிடித்த பின்னர் தனியாகப் போய்க் கவிழ்ப்பது கடினம். ஆனால் பால் சேகரிக்கும்போது கை எப்படியும் சிரட்டையை எடுக்கிறது. மழை வரும் அறிகுறி தெரிந்தால், பாலை ஊற்றிய கையோடு சிரட்டையைக் கம்பியில் தலைகீழாக வைத்துவிட்டு நகர்வது கூடுதல் நேரம் பிடிக்காத செயல். கவிழ்த்த சிரட்டையில் சருகும் மண்ணும் விழாது. சுத்தமான சிரட்டையில் சேர்ந்த பாலிலிருந்து சுத்தமான ஷீட் கிடைக்கும். இதை உடையவரிடம் சொன்னால் கொசுவைப் பற்றிச் சொல்வதைவிட எளிதில் கேட்பார்.

மூன்றாவது, மழைக்காலக் கவிழ்ப்பைக் கூலி வேலையாகவே ஏற்பது. எவ்வாறு களை பறிப்பதற்கும் உரமிடுவதற்கும் கூலி உண்டோ, அவ்வாறே வாரத்துக்கு ஒரு முறை தோட்டத்தைச் சுற்றி வந்து சிரட்டைகளைக் கவிழ்ப்பதற்கும் ஒரு நாள் கூலி வழங்கலாம். வெட்டு நிறுத்திய தோட்டங்களில் சிரட்டைகளை மொத்தமாக எடுத்துக் கூரையின் கீழ் அடுக்கி வைப்பதே சரி.

இம்மூன்றையும் எடுத்துச் சொல்ல மருத்துவர் மட்டும் போதாது என்பதைக் கவனித்தீர்களா? ரப்பர் வாரியத்தின் கள அலுவலர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதாரச் செவிலியர், பூச்சியியல் வல்லுநர், தொழிலாளர் சங்கத்தார் ஆகியோர் ஒரே பேச்சைப் பேச வேண்டும். மரத்தை அறிந்தவரும் கொசுவை அறிந்தவரும் சேர்ந்து நின்றால்தான் சிரட்டை கவிழும்.

காட்டுவதே கற்பித்தல்

இன்னொரு தடையும் உண்டு. தண்ணீரில் நெளியும் புழுவைப் பார்ப்பவர் பலர், அது தண்ணீர்ப் பூச்சி, தானாகப் போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். அதுவே நாளை கொசுவாகும் என்பதை வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல்.

இதை நீங்களே செய்யலாம். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தோட்டத்து நீரை ஊற்றிப் பாருங்கள். நிழல் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்குவதைக் காண்பீர்கள். அவற்றுள் சிலவற்றைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, வாயை மெல்லிய வலைத் துணியால் இறுகக் கட்டி, ஆசிரியரின் மேற்பார்வையில் வகுப்பறையில் வையுங்கள். காற்புள்ளி வடிவில் சுருண்ட கூட்டுப்புழு தோன்றும். சில நாட்களில் புட்டிக்குள் வரிக்கால் கொசு பறக்கும். அதைக் கண்ட பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சும்மா இராது. பார்த்து முடிந்ததும் புட்டியைத் திறவாமல், வலைத் துணியின் வழியே சோப்பு நீரை ஊற்றிக் கொசுக்களைக் கொன்றுவிட வேண்டும்.

எண்ணிப் பார்ப்பதும் கற்பித்தலே. பூச்சியியல் வல்லுநர்கள் மூன்று எண்களைக் கணக்கிடுகிறார்கள். 100 வீடுகளைச் சோதித்தீர்கள். 12 வீடுகளில் புழு இருந்தது. வீட்டுக் குறியீடு 12. அவ்வீடுகளில் நீர் நின்ற பாத்திரங்கள் 400. அவற்றுள் 20-இல் புழு இருந்தது. பாத்திரக் குறியீடு 5. நூறு வீட்டுக்கு எத்தனை புழுப் பாத்திரம் என்பது பிரிட்டோ குறியீடு; இங்கு அது 20. அடுத்த மாதம் மீண்டும் எண்ணினால் நம் உழைப்பு பலித்ததா என்று தெரிந்துவிடும்.

ஆனால் குமரியின் மேற்குப் பகுதியில் இக்கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. இது வீடுகளையும் வீட்டைச் சுற்றியுள்ளவற்றையும் எண்ணும் கணக்கு. வேலிக்கு அப்பாலுள்ள தோட்டத்துச் சிரட்டை இதில் சேராது. வீட்டுக் குறியீடு குறைந்திருக்கும், காய்ச்சலோ குறைந்திராது. ஆகவே தோட்ட நாட்டில் 100 சிரட்டைக்கு எத்தனையில் புழு என்று தனியே எண்ண வேண்டும். ஊருக்கு ஏற்றபடி அளவுகோலை மாற்றிக்கொள்வதும் அறிவியலே.

புகை மருந்து பற்றி ஒரு சொல்

காய்ச்சல் பரவியதும் புகை மருந்து அடிக்கவில்லையே என்ற குரல் எழுவது இயல்பு. புகை, பறக்கும் கொசுவில் ஒரு பகுதியைக் கொல்லும். நீருக்குள் இருக்கும் புழுவையும், சுவரில் ஒட்டிய முட்டையையும் அது தொடாது. மறுநாளே புதிய கொசு பிறக்கும். நோய் பரவும் நெருக்கடியில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் நீரைக் கொட்டும் வேலைக்கு அது ஈடாகாது.

கொட்ட முடியாத பெரிய தொட்டிகளுக்கு டெமிபாஸ் என்ற புழுக்கொல்லியைச் சுகாதாரப் பணியாளர்கள் அளவறிந்து இடுவார்கள். கிணறுகளிலும் தொட்டிகளிலும் கம்பூசியா, கப்பி போன்ற புழு தின்னும் மீன்களை விடலாம். சிரட்டைக்கோ மருந்தும் வேண்டாம், மீனும் வேண்டாம். கவிழ்த்தால் போதும்.

காய்ச்சல் வந்துவிட்டால்

எவ்வளவு முயன்றாலும் சிலருக்கு நோய் வரலாம். அப்போது நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு.

திடீரென்று கடுங்காய்ச்சல், தலைவலி, கண்ணின் பின்புறம் வலி, மூட்டு வலி, தோலில் தடிப்பு ஆகியவை டெங்குவின் அறிகுறிகள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையே நோயை உறுதி செய்யும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். ஆஸ்பிரினும் இபுபுரூபனும் இரத்தக் கசிவைத் தூண்டக் கூடும். ஆகவே கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம். கஞ்சித் தண்ணீர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என நீராகாரம் நிறையத் தர வேண்டும்.

மிக முக்கியமான ஒன்று. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று எண்ணும் நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம். 3 முதல் 7 நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் தளரக் கூடும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்வு, அமைதியின்மை இவற்றில் எது தோன்றினாலும் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருப்பதால் ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசு, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் மற்றவருக்கு நோயைக் கொடுக்கும் ஆற்றல் பெறுகிறது. ஒரு வலை ஒரு தெருவைக் காக்கும்.

வாரத்தில் ஒரு நாள்

ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்ந்து மடிகிறது. இதன் பொருள் என்ன? உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, வேலிக்கு அப்பாலுள்ள தோட்டத்திலோ பிறந்ததுதான். எங்கிருந்தோ வந்ததன்று. ஆகவே அதைத் தடுக்கும் ஆற்றலும் உங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றே வைப்போம். அன்று பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர்த் தொட்டியையும் குடத்தையும் வெறுமனே கொட்டாமல் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அங்குதான். உடைந்த ஆட்டுரல், பழைய டயர், கமுகம் பாளை, தேங்காய்த் தொண்டு, துருவி எறிந்த சிரட்டை, கடற்கரை ஊர்களில் ஒதுக்கிப் போட்ட மீன் பெட்டி எதையும் விட வேண்டாம். தோட்டம் உள்ளவர்கள் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு ஒரு முறை இது நடந்தால் புழு கொசுவாகும் காலம் அறுபட்டுவிடும்.

கொசு எவ்வாறு வளர்கிறது என்று அறிவியலார் கண்டு சொல்லிவிட்டார்கள். எந்த நாளில், எந்தக் கையால், எந்தக் கூலியோடு அதைத் தடுப்பது என்பதை ஊரார்தான் வல்லுநர்களோடு சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மழை தொடங்கும் முன் உங்கள் ஊரில் அந்தப் பேச்சு தொடங்கட்டும்.